கடைசித் தாள்

கார்த்திகை மாதத்து வெயிலை நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிறவனைத் திருகோணமலைப் பக்கத்தில் யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். கிண்ணியாவில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த கலீலுர் றஹ்மான் அப்படித்தான் இறங்கியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் துறையடிக்கு வந்து பாதையில் ஏறுவான். பாதை என்றால் எங்களுக்கு நடக்கிற ரோட்டு இல்லை. கழிமுகத்தைக் கடக்க ஆளையும் மாட்டையும் லொறியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற இரும்புத் தட்டுக்குத்தான் அந்தப் பெயர். அக்கரையில் பஸ் பிடித்துப் பட்டினத்துக்குப் போவான். அங்கே யோகலிங்கத்தின் ஸ்டூடியோ வாசலில் நிற்பான். இரண்டு பேரும் சேர்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். துறைமுகத்துக்கு மேலே வானம் கறுத்துப்போய்க் கிடக்கும். வெறுங்கையோடு திரும்பி வருவான்.

வேலியடியிலேயே அவன் உம்மா பரீதா நின்றுகொண்டிருப்பாள்.

"கொண்டு வந்தியா மகன்?"

"இல்ல உம்மா. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"நேத்தும் கொஞ்சம்தானே கிடந்த?"

"மழை உம்மா. வெளிச்சம் இல்லாம எடுக்க ஏலாது."

பரீதா அதற்கு மேல் கேட்கமாட்டாள். உள்ளே பாயில் சாய்ந்திருக்கிற மகள் ஸல்ஹாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பார்வை கலீலைச் சாப்பிடவிடாது.

அவள் கேட்டது ஒரு கிதாபை. கையால் எழுதிய பழைய புத்தகம். தமிழ்தான், ஆனால் எழுத்து அரபு எழுத்து, வலமிருந்து இடமாக ஓடும். பரீதாவின் வாப்பா வழியில் மார்க்கம் படித்த ஒரு லெப்பை, மனைவி பேற்று நோவில் துடித்தபோது அறைக்கு வெளியே இருந்து கட்டின மாலைப் பாட்டு என்பார்கள். தொடக்கத்தில் பிள்ளையை 'வா, வா' என்று கூப்பிடும். நடுவில் நபிமாரைப் பெற்ற தாய்மாரின் கதை வரும். கடைசித் தாளில் மட்டும் நன்றி. 'குரல் கேட்டோம்' என்று தொடங்கும் அந்தத் தாளைப் பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் ஓதவேண்டும். அது காதில் விழுந்ததும் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். பார்க்காமல் ஓதக்கூடாது, தாளைப் பார்த்தே ஓதவேண்டும் என்பதும் முறை.

போன வருடம் ஸல்ஹாவுக்குத் தலைப்பிள்ளை. பரீதா தொடக்கத்திலிருந்து எல்லாம் ஓதினாள். கூப்பிடும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓதினாள். பிள்ளை வந்தது, ஆண் பிள்ளை, ஆனால் குரல் இல்லாமல் வந்தது. கடைசித் தாளைப் புரட்டாமலே கிதாபை மூடிவைத்தாள். குரவை இல்லை. வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பக்கத்து வீட்டு லைலாகூட, வாய் மூடத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள், அதை மட்டும் கதைக்கமாட்டாள்.

இப்படிப்பட்ட கிதாபை வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது பட்டினத்துக்குக் கொடுத்துவிட்டது ஏன் என்று கேட்டால், அது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கடிதத்தின் வேலை. கலீல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மாணவர் மலர் ஒன்றில் இந்த மாலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அது எப்படியோ இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரபுத்தமிழை ஆராய்கிற வெள்ளைக்கார அம்மையார் ஒருவரின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது. அவரே தமிழில் எழுதியிருந்தார். 'தங்கள் இல்லத்து ஏட்டின் நிழற்படங்களை விடுத்து உதவுவீராயின் பெரிதும் மகிழ்வேன்.' கலீல் பெருமையோடு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினான்.

"நிழலையா கேக்கிறா அந்தப் பொம்புள?" என்றாள் பரீதா.

"போட்டோ உம்மா. தாள் தாளா போட்டோ எடுத்து அனுப்பினா அவங்க அங்க இருந்தே வாசிப்பாங்க."

"அவக்கு எத்தின புள்ள?"

"எனக்கெப்படித் தெரியும்? கலியாணம் முடிச்சாவோ என்னவோ."

"அப்ப மாலை என்னத்துக்கு?"

"ஆராய்ச்சிக்கு. ஆர் எழுதின, எப்ப எழுதின, என்ன மாதிரித் தமிழ், இதெல்லாம் பாக்கிறதுக்கு."

"அத என்னட்டக் கேட்டா நான் சொல்லமாட்டனா?"

கலீல் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கிதாபை எடுத்து நடுவில் ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தான். எழுத்து இருந்த இடங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"பாருங்க உம்மா. மை தாளைத் தின்னுது. போன மாரிக்கு இருந்த சொல்லு இந்த மாரிக்கு இல்ல. நாளைக்கு இது மண்ணாப் போனா உங்கட பேத்திக்கு எதப் பாத்து ஓதுவீங்க?"

பரீதாவுக்கும் அது தெரியும். ஓட்டை விழுந்த சொற்களை அவள் நினைவிலிருந்து நிரப்பித்தான் ஓதிவந்தாள். கிதாபை வாங்கி மூடி, ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஸல்ஹாவுக்கு மாதம் ஆகும் முன்னே திரும்பி வந்துவிட வேண்டும். தைத்த நூல் அவிழக்கூடாது. இரண்டுக்கும் கலீல் தலையாட்டினான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு என்றால் எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கலியாண வீட்டிலேயே மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்திருக்க ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, மற்றதற்கெல்லாம் வெறும் கமராவைக் கிளிக் பண்ணிச் சனத்தை யோகலிங்கம் சமாளித்துக்கொண்டிருந்தார். பிலிமை அம்மையாரே பார்சலில் அனுப்பினார். அது கொழும்பில் எங்கேயோ படுத்துக் கிடந்து, ஆறுதலாக எழும்பித் திருகோணமலைக்கு வந்தபோது மாரி தொடங்கிவிட்டது.

யோகலிங்கம் தொழிலில் சுத்தமான ஆள். ஸ்டூடியோவின் பின்பக்கத்து விறாந்தையில் ஒரு பழைய அலுமாரிச் சட்டத்தை நிறுத்தி, அதன் உச்சியில் கமராவைத் தலைகுப்புறப் பூட்டினார். கீழே பலகை, பலகையில் தாள், தாளின் மேல் கண்ணாடி. பளிச்சென்று எரிகிற பல்புகள் இருந்தால் மழையைப் பற்றிக் கவலையில்லை. இருந்த பல்பெல்லாம் எரிந்து முடிந்து, வேறு வாங்கக் கடையில் இல்லை. முற்றத்து வெயில் சுவரில் பட்டு விறாந்தைக்குள் விழவேண்டும். அப்படி விழுந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும்.

ஆனால் கிதாபு விரிய மறுத்தது.

"மாஸ்டர், இது ஓரத்தில குத்தித் தைச்சது. உள்பக்கத்து எழுத்து மடிப்புக்குள்ள போகுது. இப்பிடி எடுத்தா அந்த அம்மாவுக்கு அரைவாசிச் சொல்லுத்தான் போய்ச் சேரும்."

"கொஞ்சம் அமத்திப் பாருங்கோ அண்ணை."

"அமத்தினா தாள் முறியும். எல்லாம் தனித்தனித் தாள்தானே. நூலை வெட்டினா ஒவ்வொண்டா வச்சு எடுக்கலாம். பிறகு அதே ஓட்டையால நானே தைச்சுத் தருவன்."

கலீல் உம்மாவை நினைத்தான். இங்கிலாந்து அம்மையார் அரைவாசிச் சொல்லோடு முழிப்பதையும் நினைத்தான். படித்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு, தூரத்தில் இருக்கிறவர்கள்தான் அவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பார்கள்.

"வெட்டுங்கோ. உம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றான். சொல்லவில்லை.

அவனுக்குப் பள்ளிக்கூடம். அதனால் யோகலிங்கம் தனியேதான் வேலை செய்தார். மேகம் விலகுகிற நேரம் பார்த்து ஓடிப்போய் இரண்டு தாள், பிறகு காத்திருந்து ஒரு தாள். அம்மையார் ஒவ்வொரு தாளுக்கும் இலக்கம் கேட்டிருந்தார். யோகலிங்கம் துண்டுக் கடதாசிகளில் அழகாக இலக்கம் எழுதித் தாளின் பக்கத்தில் வைத்து எடுத்தார். எடுத்த தாளின் மூலையிலும் பென்சிலால் மெல்லிசாக அதே இலக்கத்தைப் போட்டார். இவ்வளவு கவனமான மனிதர் ஒரேயொரு பிழைதான் விட்டார். கிதாபைக் கையில் எடுத்தபோது, தான் தேவாரப் புத்தகத்தை எடுக்கிற மாதிரியே தைத்த பக்கம் இடப்பக்கம் வர வைத்துக்கொண்டார். அந்த எழுத்து வலமிருந்து ஓடும் என்பது அவருக்குத் தெரியும், கலீல் சொல்லியிருந்தான். புத்தகமும் வலமிருந்து தொடங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை. நன்றி சொல்லும் கடைசித் தாளுக்கு யோகலிங்கம் ஒன்றாம் இலக்கம் போட்டார். பிள்ளையைக் கூப்பிடும் முதல் தாள் அவர் கணக்கில் கடைசிக்குப் போனது. பின்னாளில் அந்த அம்மையார், இந்த மாலை நன்றியில் தொடங்கிக் கூப்பிடுதலில் முடிவது கிண்ணியாப் பக்கத்து வழக்கமா என்று கேட்டு எழுதினாராம். கலீலுக்குப் பதில் எழுதக் கைவரக் கனகாலம் ஆனது.

வீட்டில் அந்த நாட்களில் அடுப்பெரிந்ததே பெரிய காரியம். ஈர விறகு, புகை, மரவள்ளிக் கிழங்கு, அதற்கு அரைத்த செத்தல் மிளகாய். ஸல்ஹாவின் புருஷன் முத்தலிப் பாதையில் வேலை செய்கிறவன். முடிகிறபோதெல்லாம் துறையடியில் ஒரு பாரை மீன் துண்டு வாங்கி வருவான். மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் பக்கம் பார்க்காமலே போய் வலையைத் தைப்பது போல உட்கார்ந்திருப்பான். பார்த்தால் பயம் வெளியே தெரிந்துவிடும் என்று அவனுக்குப் பயம்.

அரசாங்க மருத்துவிச்சி இரத்தினேஸ்வரியை எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். வந்து ஸல்ஹாவைப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"பரீதாக்கா, இவவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டக் கொண்டுபோய் வச்சிருங்கோ. காத்தடிச்சுப் பாதை நிண்டா பிறகு என்னை ஏசக்கூடாது."

"வாற கிழமை போறம் மிஸ்ஸி. பாலையூத்தில மச்சிட வீடு கிடக்கு."

மிஸ்ஸி போனதும் ஸல்ஹா அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காக்கா, மாலை இல்லாம நான் அங்கயும் போகமாட்டன். சொல்லிட்டன்."

"ஆஸ்பத்திரியில டொக்டர் இருப்பார் தங்கச்சி. மாலை என்னத்துக்கு?"

"போன தரம் மாலை ஓதியே அப்பிடி. இந்தத் தரம் அதுவும் இல்லாட்டி?" அவள் குரல் உடைந்தது. "உங்கட வெள்ளைக்காரிக்கு என்ன, அவ ஆறுதலா வாசிப்பா. எனக்குத்தான் நேரம் இல்ல."

கலீலுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்தால் சனிக்கிழமை. விடிந்தபோது வெயிலும் வந்தது. மரம் மட்டை எல்லாம் பளிச்சென்று கழுவிவிட்ட மாதிரி. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் முதல் பாதையில் ஏறி ஓடினான். இன்றைக்கு முடித்து, தைத்து, கையோடு கொண்டுவந்துவிடலாம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது யோகலிங்கம் வேர்க்க விறுவிறுக்க எடுத்துக்கொண்டிருந்தார். கலீல் எழுத்தைக் கவனிக்காமல் அவசரமாகத் தாளைத் துடைத்துக் கொடுக்க, அவர் கண்ணாடியை வைத்து அழுத்த, வேலை ஓடியது. இன்னும் சில தாள்தான் என்றிருந்தபோது வாசலில் மீன் லொறி வந்து நின்றது. சாரதி ஸஹாப்தீன் இறங்காமலே கத்தினான்.

"மாஸ்டர்! தங்கச்சிக்கு நோவு கண்டிட்டாம். கிதாபோட உடன வரட்டாம் உம்மா. முத்தலிப் சொல்லிவிட்ட!"

"இன்னும் மாசம் ஆகல்லயே!"

"அது புள்ளைக்குத் தெரியுமா?" லொறி போய்விட்டது.

கலீல் தாள்களை அள்ளக் கையை நீட்டினான். யோகலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. இன்னும் கொஞ்சத் தாள்தான். பஸ் வெளிக்கிட நேரம் கிடக்கு. இந்த வெயில் போனா இனித் தை மாதம்தான். தாளைப் பிறகு உம்மா வெளியில விடுவாவோ?"

விடமாட்டாள். அது இருவருக்கும் தெரியும். கலீல் வெயிலைப் பார்த்தான், பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தான்.

"எடுங்கோ. கெதியா எடுங்கோ" என்றான்.

அந்தச் சில தாள்களுக்குள் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஸல்ஹாவின் குரல் காதில் விழுந்தது. மீதியிருந்த ஒரே தாளுக்குக் கண்ணாடி வைத்தபோது சுவரில் இருந்த வெயில் மங்கியது. குளிர்ந்த காற்று ஒன்று விறாந்தைக்குள் வந்து இலக்கத் துண்டுகளைக் கலைத்துப் போட்டது. மங்கலிலேயே எடுத்தார். பிறகு, அவசரத்திலும் தொழில் சுத்தம் விடாமல், ஒன்றாம் இலக்கம் மேலே வர எல்லாத் தாளையும் ஒழுங்காக அடுக்கி, மெழுகுத்துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

"தைக்க நேரமில்லை. ஒழுங்கு மாறேல்ல, அப்பிடியே பிரிச்சு வாசிக்கலாம். முருகன் துணை, போட்டு வாங்கோ."

அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்த பஸ் வெளிக்கிட்டுப் போயிருந்தது. அடுத்த பஸ் சீனன்குடா தாண்டும்போதே மழை கொட்டியது. துறையடிக்கு வந்தபோது பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. வாடைக்காற்றில் கழிமுகம் கொதித்துக்கொண்டிருந்தது. கலீல் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். காற்றுக்கு எதிரே அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மழைக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது. முத்தலிப்தான். யாருடைய தோணியையோ அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஏறு மச்சான்! ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"பஸ் பிந்திட்டுது."

பொய். தோணி தூக்கிப் போட்டது. கலீல் மெழுகுத்துணியை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து, முதுகை மழைக்குக் கொடுத்தான். முத்தலிப் துடுப்பை விடாமல் பேசினான். அத்தனை மாதம் பேசாததை எல்லாம் அப்போதுதான் பேசினான்.

"போன தரம் நான் பாதையில நிண்ட. ஆள் வந்து சொல்லி, நான் வீட்ட போறத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சி. துணியில சுத்தி வச்சிருந்தாங்க. முகத்தப் பாத்தன். மச்சான், நித்திரை கொள்ளுற புள்ளதான். இந்தத் தரமும் அப்பிடி எண்டா நான் இந்தத் துறைக்கே வரமாட்டன். எங்கயாவது போயிடுவன்."

கலீல் தோணிக்குள் ஏறிய தண்ணீரை ஒரு கையால் அள்ளி வெளியே கொட்டினான். பிந்தியது பஸ் இல்லை, அவன்தான்.

வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். உள் அறைக்கு முன்னால் சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். மிஸ்ஸியின் குரல் கேட்டது, அதட்டல் குரல். ஸல்ஹாவின் குரல் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிஸ்ஸி வெளியே தலையை நீட்டினாள்.

"பாதை ஓடுதே?"

"இல்ல மிஸ்ஸி."

"பிள்ளை கீழ வந்திட்டுது. ஆனா இவ களைச்சுப் போனா. முக்கமாட்டன் எண்டு கிடக்கிறா. எனக்கு ஏலாது, இதுவும் சரிவராது எண்டு சொல்லுறா. நான் என்ன செய்ய?"

பரீதா மறைப்புக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினாள். கலீல் பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே துணி அவிழும் சத்தம் கேட்டது. 

"நூல் எங்க மகன்?"

 பரீதா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நேரம் இல்லை. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். குப்பி விளக்கு வெளிச்சம். மேலே இருந்த தாளைக் கையில் எடுத்து, பிஸ்மி சொல்லி, கண் எதைப் பார்த்ததோ அதை வாய் ஓதியது.

குரல்கேட் டோமே குரல்கேட் டோமே
கொடுத்தவன் பேரால் குரல்கேட் டோமே

வெளியே கலீல் தலையை நிமிர்த்தினான். கடைசித் தாள். கடைசித் தாள் எப்படி மேலே வந்தது? தேவாரப் புத்தகம், இடப்பக்கம், ஒன்றாம் இலக்கம், எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. "உம்மா!" என்று கத்த வாயைத் திறந்தான்.

அதற்குள் லைலா முந்திவிட்டாள். பக்கத்து வீட்டுக் குசினியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவள் அவள். 'குரல் கேட்டோம்' கேட்டதும் அவளுக்கு வேறு யோசனை எதற்கு? நீளமாக ஒரு குரவை போட்டாள். அடுத்த வீடு எடுத்தது. அதற்கடுத்த வீடு எடுத்தது. மழையையும் காற்றையும் மேவி ஒழுங்கை முழுக்கக் குரவை. முத்தலிப் முற்றத்துத் தண்ணீருக்குள்ளேயே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தான்.

"மச்சான், எழும்பு, இன்னும் இல்ல, இன்னும் பிறக்கல்ல" என்று கலீல் அவனைத் தோளில் பிடித்து இழுத்தான். முத்தலிப் விளங்காமல் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்கக் கலீலுக்கு ஏலவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு மிஸ்ஸிதான் எங்களுக்குச் சொன்னாள். பரீதா ஓதுவதை நிறுத்தி, தாளையே பார்த்துக்கொண்டு நின்றாளாம், முகத்தில் ரத்தம் இல்லாமல். வராத பிள்ளைக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. ஊர் குரவையும் போட்டுவிட்டது. இனிப் பிள்ளை போனமுறை மாதிரி வந்தால், அந்தக் குரவையை எங்கே கொண்டுபோய் வைப்பது?  அப்போது ஸல்ஹா கண்ணைத் திறந்தாள்.

"உம்மா, குரவை கேக்குது. வந்திட்டா?"

பரீதா மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்திருந்தது. மிஸ்ஸிக்குத் தாளும் தெரியாது, முறையும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தான்.

"வருது, வருது! இந்தா வந்திட்டுது! பரீதாக்கா, நிப்பாட்டாதேங்கோ, அதையே ஓதுங்கோ!"

வாழ்நாளில் பொய் சொன்ன பழக்கம் இல்லாத பரீதா, அந்தத் தாளை வைத்துக்கொண்டு தெரிந்தே பொய் ஓதினாள். கேட்காத குரலைக் கேட்டோம் என்று ஓதினாள். உரத்து ஓதினாள். வெளியே கலீல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உம்மா பிழையைக் கண்டுவிட்டாள் என்பதும், கண்டும் ஓதுகிறாள் என்பதும் அந்தக் குரலில் அவனுக்கு விளங்கியது. ஸல்ஹா கத்தினாள். அது நோவின் கத்தல், களைத்த கத்தல் இல்லை.

"அப்பிடித்தான் பிள்ளை, அப்பிடித்தான், இன்னுமொருக்கா!"

பிறகு ஏதோ வழுகி வந்தது. மிஸ்ஸி பிள்ளையின் முதுகில் தட்டுகிற சத்தம். ஒருமுறை. இன்னொருமுறை. பிள்ளையின் சத்தம் இல்லை. முத்தலிப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பரீதா மட்டும் நிறுத்தவில்லை. அந்த ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, வேண்டுதலாக, பிறகு சண்டையாக, பிறகு அழுகையாக ஓதிக்கொண்டே இருந்தாள்.

குரல்கேட் டோமே குரல்கேட் டோமே

கேட்டது. முதலில் பூனைக்குட்டிச் சத்தமாக ஒரு கீச்சல். பிறகு மூச்சு நிறைந்து, கோபம் நிறைந்து, வீடு அதிரும்படி.

"பொம்புளப் புள்ள!" என்றாள் மிஸ்ஸி.

 முத்தலிப் காதிலிருந்து கையை எடுக்காமல், "அழுகுதா மச்சான்? மெய்யா அழுகுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிள்ளை அழுதது. ஆனால் ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் குரவை போட்டு முடித்து, அடுப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு குரவைதானே. பரீதா மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் முக்காடு சரிந்திருந்தது. மழைக்குள் வேலியடிக்குப் போய் நின்று, தானே குரவை போட்டாள். பாதியில் குரல் உடைந்தது. மூச்செடுத்துவிட்டு மறுபடி போட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் லைலாவின் தலை எழும்பியது.

"என்ன ராத்தா, இன்னொண்டா? ரெட்டைப் புள்ளயா?"

பரீதா கையை ஆட்டி 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே இருந்து ஸல்ஹாவின் குரல் வந்தது, மெலிந்த குரல், ஆனால் ஒழுங்கைக்கே கேட்கிற குரல்.

"உம்மா, ஓம் எண்டு சொல்லுங்க. முதல் போட்ட குரவை மூத்தவனுக்கு."

மூத்தவன் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. முத்தலிப் எழுந்து நின்றான். பரீதா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். மழை அவள் முகத்தில் ஓடியது, கண்ணீரும் ஓடியது.

"ஓம் லைலா" என்றாள். "ரெண்டுதான். ஒரு ஆண், ஒரு பெண்."

லைலாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியதும் அவள் ஒன்றும் கதைக்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, இரண்டாவது குரவையைத் தொடங்கினாள்.